சுமைப் பாட்டு

கல்முனைச் சந்தையில் மூட்டை சுமக்கும் அபுல் ஹஸனுக்கும் பாண்டிருப்பு ஊர்க் கிசோக்குக்கும் காலையிலேயே வாக்குவாதம். ‘அலைவாய்’ றொக் இசைக் குழுவின் பாட்டுகளில் மனதை அதிகம் உலுக்குவது எது?

“அம்மா பாட்டுத்தான், காக்கா. கேட்டா அழுகை வரும்,” என்றான் கிசோக், ஹஸனை அண்ணன் முறையில் அழைத்து.

“வெங்காயமும்தான் அழ வைக்கும். சுமைப் பாட்டு நிமிர வைக்கும்டா!” என்றார் ஹஸன்.

“ஓம், லொறி ஏத்துற பாட்டு!”

சுற்றியிருந்த சுமைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஹஸனின் முகம் சுருங்கியது. அந்தப் பாட்டின் வரிகளை வாசிக்கத்தான் அவர் நாற்பது வயதில் எழுத்துப் படித்தார்.

அரிசி லொறி வந்தது. பன்னிரண்டாம் மூட்டையோடு கிசோக் பாதி வழியில் குனிந்து நின்றுவிட்டான். பல்லைக் கடித்தவன், தன்னையறியாமல் சுமைப் பாட்டை முணுமுணுத்தபடி நிமிர்ந்தான்.

“அம்மா பாட்டு எங்க, தம்பி?”

“அது வீட்டுக்கு, காக்கா. இப்ப அடுத்த அடியப் பாடுங்க!”

ஹஸன் நெஞ்சை நிமிர்த்தி எடுத்துக் கொடுத்தார். சுமைக்காரர் வரிசையே சேர்ந்து பாடியது.