ஒரு முழுங்கு

சரோஜா கணவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கடியில் நனைந்திருந்த துணியை உருவிக்கொண்டிருந்தபோது கோபால் வந்தான். மறைமலை நகரில் முதல் ஷிப்ட் முடிந்து, கம்பெனி சட்டையோடு நேராக வந்திருந்தான். அண்ணனின் காலடியில் போய் நின்றான்.

ரகுபதி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஈரலில் கட்டி, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரைக்கு வலி அடங்கியதெல்லாம் போன வாரத்தோடு சரி.

கோபால் அண்ணியை வாசலுக்கு அழைத்துப்போய், இடுப்பில் செருகியிருந்த பிராந்திக் குப்பியை எடுத்து நீட்டினான்.

"ஒரு முழுங்கு போதும் அண்ணி. வலி தெரியாம தூங்கிப் பூடும். என்னால பாத்துக்கினு இருக்க முடியல."

அவன் கெடுக்க வந்தவன் இல்லை என்று சரோஜாவுக்குத் தெரியும். ஆனாலும் குப்பியைப் பார்த்ததும் அவளுடைய இடது கை தானாகப் பின்னால் போனது. அந்தக் கை இன்னும் முழுதாக நீளாது. கல்குவாரி லாரி ஓட்டிய காலத்தில் ரகுபதி குடித்துவிட்டு வந்து முறுக்கிய கை அது.

ஒரு மழைநாளில் அவர் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஒரு ஜெபவீட்டின் வாசலில் வாந்திக்குள் விழுந்து கிடந்தார். பாஸ்டர் அவரைக் கழுவித் துடைத்து, தன் பாயிலேயே படுக்கவைத்தார். விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து ரகுபதி அழுதாராம். அதற்குப் பிறகு அங்கே போகத் தொடங்கினார். அடுத்த கோடையில் ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். யாக்கோபு என்று பெயர் வைத்தார்கள். ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து அவள் எதிரில் நின்றார்.

"பழைய ஆளு தண்ணியோட பூட்டான் சரோஜா."

அவள் நம்பவில்லை. தினமும் அவர் வேலையிலிருந்து வரும்போது, பையை வாங்குகிற சாக்கில் அருகே போய் மூச்சை முகர்ந்தாள். சில நாளிலேயே அவருக்கு அது தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. தானே குனிந்து அவள் முகத்தில் ஊதிவிட்டு, போதுமா என்று கேட்பார். வருஷங்கள் போயின. ஜெபவீட்டு ஆட்கள் யாக்கோபண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். அவளுக்கு மட்டும் அவர் ரகுபதிதான். என்றைக்காவது ஒரு நாள் தள்ளாடிக்கொண்டு வந்து நிற்கப்போகிற ரகுபதி.

உள்ளேயிருந்து அவர் முனகுவது கேட்டது. வாயில் துணியை அடைத்தது போன்ற முனகல்.

"குடு இங்க," என்றாள்.

டம்ளரில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் கலந்தாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மருந்தா என்று கண்ணால் கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பிராந்திய்யா. கோபாலு கொண்டாந்தான். வலிக்குத்தான், குடி. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அவர் டம்ளரையே பார்த்தார். மூக்கு விடைத்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. காய்ந்த உதடு தானாகத் திறந்துகொண்டது. அந்த ஆசை இன்னும் உயிரோடு இருப்பதை சரோஜா அப்போதுதான் பார்த்தாள். ஒரு நாளும் அது செத்திருக்கவில்லை. அதையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் சாராயக்கடை வழியாகவே வீட்டுக்கு வந்திருக்கிறார்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வெறுந்தண்ணி குடு," என்றார்.

கோபால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் வேறு டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து பஞ்சில் நனைத்துக் கொடுத்தாள். சப்பிக் குடித்தார். பாஸ்டரும் அவர் மனைவி இந்திராணியும் வந்து தாழ்ந்த குரலில் பாடினார்கள். ரகுபதியின் உதடு அவர்களோடு சேர்ந்து அசைந்தது. வெயில் சாயும் நேரத்தில் வலியை மீறி அவர் முகம் தளர்ந்தது. கடைவாயைத் துடைக்க சரோஜா குனிந்தபோது கடைசி மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. அதை முகர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை உறவுக்காரர்கள் மேளம் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். அவருக்குப் பாட்டு போதும் என்றாள். கோபால் மரச்சிலுவை ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி வந்திருந்தான். பெயர் எழுதச் சாயமும் தூரிகையுமாக அவளிடம் வந்தான்.

"ரகுபதினு எழுதிடறேன் அண்ணி. ரேஷன் கார்டுல அதான் கீது."

"யாக்கோபுனு எழுது."

அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை. தூரிகையைப் பிடித்தபடி நின்றான்.

"வெறும் யாக்கோபுனா?"

"ஆமா. ரகுபதி எப்பவோ பூட்டாரு."

ஏரிக்கரையை ஒட்டிய கல்லறை மேட்டில் அடக்கம் நடந்தது. திரும்பி வந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். இந்திராணி தன் வீட்டிலிருந்து ரசமும் சோறும் கொண்டுவந்திருந்தாள். ரெண்டு வாயாவது சாப்பிடுங்கக்கா என்று தட்டை முன்னால் வைத்தாள்.

இத்தனை வருஷம் வாசலில் ஒரு கண் வைத்தே சாப்பிட்டவள் சரோஜா. இன்று தட்டைப் பார்த்துப் பிசைந்து சாப்பிட்டாள். தட்டு காலியானது. இந்திராணி மறுபடி போட்டாள். அதுவும் காலியானது. சுவரோரம் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"ரசம் இன்னும் கீதா?" என்று கேட்டுத் தட்டை நீட்டினாள் சரோஜா.