மூன்றாவது சர்வர்

ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சுண்டெலி. ஆள் சின்னவள், வேலையில் அவசரக்குடுக்கை. அன்று காலைதான் மூன்று புதிய சர்வர் கணினிகளை ஒரே குழுவாக்கி, அழைப்புகளைப் பங்கு பிரிக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தாள். எதற்கு வேலை குறைவோ அதற்கே அடுத்த அழைப்பு. சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று அடிக்கடி தட்டிப் பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. திரையில் மூன்றுமே பச்சை.

மதியம் அக்கா போனில் அலறினாள். "அம்மா மூச்சு விட முடியாம துடிக்கிறாங்கடி! ஆப்புல ஆம்புலன்ஸ் கேட்டு எவ்ளோ நேரமாச்சு! பதிவாயிடுச்சுன்னு மட்டும் காட்டுது, ஒருத்தரும் கூப்பிடல!"

சுண்டெலி திரையில் தேடினாள். ஓட்டுநர்களுக்குப் போகும் பட்டியலில் அம்மாவின் முகவரியே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் அவள் தட்டிப் பார்க்கச் சொன்னது வெறும் முகப்புப் பக்கத்தை. வாசலில் நின்று நலமா என்று கேட்டால், அடுப்பெரியாத வீட்டுக்காரனும் நலம் என்றுதான் சொல்வான். ஏதோ ஒரு சர்வருக்கு, அழைப்புகளை எழுதிவைக்கும் தரவுத்தளத்தோடு தொடர்பு அறுந்திருக்கிறது. அழைப்பை வாங்கியதும் 'பதிவாகிவிட்டது' என்று சொல்லிவிட்டு, எழுத இடமில்லாமல் தொலைத்துவிட்டு, அது சும்மா நிற்கிறது. சும்மா நிற்பதற்குத்தானே அடுத்த அழைப்பும் போகும்?

மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "கெட்டது எதுன்னு தெரியுமா? நல்லதைப் பிடுங்கிட்டா இருக்கறதும் போயிடும்."

"மூணாவது சார். எல்லாம் அதுக்குத்தான் குவியுது."

"நிச்சயமா?"

"அம்மா மேல சத்தியமா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. மூன்றாவதைக் குழுவிலிருந்து நீக்கினாள். "அக்கா, திரும்ப அழுத்து!"

போனில் அம்மாவின் இழுப்பு மட்டும் கேட்டது. சுண்டெலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கூப்பிட்டாங்கடி! வண்டி கிளம்பிடுச்சாம், பக்கத்துத் தெருவிலதான் இருக்காம்!"

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் மேலாளர்.

அவளுக்குப் பயம் விடவில்லை. "காலையிலேருந்து அந்த மூணாவதுக்குப் போனவங்க யாரு சார்? நம்பர் எடுக்க முடியுமா?"

"அது எதையுமே எழுதி வைக்கலையேம்மா."

அக்காவைத் திரும்ப அழுத்தச் சொல்ல ஒரு தங்கை இருந்தாள். மற்றவர்கள் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.