மார்ச்சா, நவம்பரா?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதையும் ஒருமுறை பிரித்துப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. மிக்ஸி நன்றாகத்தான் ஓடும். இருந்தாலும் அடிப்பாகத்தைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்ட ஆளிடம் விசா ஃபைலைக் கொடுத்து, "பக்கத்தை வரிசையா அடுக்கி ஓட்டை போட்டு வைங்க, படிச்சிட்டு உட்காராதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் மனைவி வேலைக்குப் போனாள். ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் இந்தத் தப்பைச் செய்திருக்கக் கூடாது.

இருவரும் பிழைக்க வந்த இடத்தில் சந்தித்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவளுக்குக் குடியுரிமை இருப்பது கடல் தாண்டி, அவள் வளர்ந்த நாட்டில். அங்கே அவள் அம்மா தனியாக இருக்கிறார். கண் பார்வை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வருகிறது. போன மாதம் அடுப்பை அணைத்துவிட்டதாக நினைத்து, அணைக்காமலே வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டார் பார்த்ததால் பிழைத்தார். இன்னும் இரண்டு மாதத்தில் மகள் அங்கே போயே ஆக வேண்டும். கணவன் என்ற முறையில் இவனுக்குக் குடியேற்ற விசா கிடைத்தால் இரண்டு பேராகப் போகலாம். கிடைக்காவிட்டால் அவள் மட்டும். ஒருமுறை மறுத்துவிட்டால் மறுபடி விண்ணப்பித்து வரிசையில் நிற்க இரண்டு வருடம் ஆகுமாம். வியாழக்கிழமை நேர்காணல்.

திங்கட்கிழமை மாலை, ஃபைலில் பதினேழாவது பக்கத்தில் அவன் கை நின்றது. போன வருடமே அவள் நிரப்பி அனுப்பிவிட்ட மனுவின் நகல் அது. 'முதன்முதலில் சந்தித்த நாளும் இடமும்' என்ற கேள்விக்கு, மார்ச் பதினான்கு, மருத்துவமனையின் அடித்தளம் என்று எழுதியிருந்தாள்.

அவன் தன் படிவத்தில் எழுதி வைத்திருந்தது நவம்பர் இருபது. அதே மருத்துவமனை, லிஃப்டுக்குள், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே. அந்தக் கதை ஊருக்கே தெரியும். கல்யாண வீடு, பிறந்தநாள் விருந்து என்று நாலு பேர் கூடிவிட்டால் போதும், அவன் ஆரம்பித்துவிடுவான். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே இவள் ஒருத்தி, இவன் போய்க் கதவைக் கையாலேயே நெம்பித் திறந்து கை கொடுத்துத் தூக்கினான். சொல்லச் சொல்ல அவள் மாட்டிக்கொண்டிருந்த நேரமும் கூடிக்கொண்டே போனது. கடைசியாகச் சொன்னபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவளும் மறுத்துப் பேசாமல் சிரித்துக்கொண்டே பாயசம் பரிமாறுவாள்.

அவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டான். "ஏம்மா, மார்ச்சுல நாம எங்க சந்திச்சோம்?"

தோளில் இருந்து பையைக்கூட இறக்கவில்லை அவள். "படிக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"படிச்சாச்சு. சொல்லு."

"அடித்தளத்துல. நீங்க லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி வேலை பாத்துட்டிருந்தீங்க."

"நான் உன்கிட்ட என்ன பேசினேன்?"

"என்கிட்ட எங்க பேசினீங்க? லிஃப்ட்கிட்டல்ல பேசினீங்க."

அவள் அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு ரத்தக் குழாய்கள் அடுக்கிய தட்டோடு அடித்தளத்தில் நடந்து போயிருக்கிறாள். தரைக்குக் கீழே இருந்து ஒரு குரல். 'உனக்கு என்னதான் வேணும் தாயி? வாயத் திறந்து சொன்னாத்தானே தெரியும்? இப்படி முரண்டு பிடிச்சா நான் எங்க போவேன்?' சுத்தமான தமிழில் ஒரு ஆள் லிஃப்டைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்த நகரத்துக்கு வந்து மூன்று வருடத்தில் தொலைபேசிக்கு வெளியே அவள் கேட்ட முதல் தமிழ் அது.

"ரெண்டு நிமிஷம் நின்னு கேட்டேன். நீங்க மேல ஏறி வந்தப்ப மூஞ்சியெல்லாம் கிரீஸ். என்னைத் தாண்டித்தான் போனீங்க. பாக்கவே இல்ல."

"சரி. இத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"பசிக்குது. தோசை ஊத்தட்டுமா?"

அவனுக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. அவள் மனு போய் ஒரு வருடமாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. தன் படிவத்தில் மார்ச் என்று திருத்தினால் வேலை முடிந்தது. ஆனால் நினைவிலேயே இல்லாத ஒரு நாளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? அதிகாரி குறுக்குக் கேள்வி கேட்டால் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். போதாததற்கு, அவள் இன்னும் எதையோ மறைக்கிறாள். தோசை என்றால் 'பேச்சை மாற்று' என்று அர்த்தம், அது அவனுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை அவன் மருத்துவமனைக்குப் போனான். அந்த லிஃப்ட் இன்றைக்கும் அவன் பொறுப்புதான். மாதம் தவறாமல் வருவான், எண்ணெய் போடுவான், கயிற்றைப் பார்ப்பான், போவான். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் அறையில் ஒரு தகரப் பெட்டி உண்டு. லிஃப்டுக்கு எந்தத் தேதியில் யார் வந்தார், என்ன செய்தார் என்று எழுதும் நோட்டுகள் அதில் கிடக்கும். எழுதுவதோடு சரி, பழைய நோட்டை யாரும் புரட்டுவதில்லை.

தூசியைத் தட்டி, கல்யாணத்துக்கு முந்தைய வருடத்து நோட்டை எடுத்தான். மார்ச் பதினான்கு: அடித்தளக் கதவுப் பூட்டின் தொடுமுனை மாற்றப்பட்டது, மூன்று மணி நேரம். கீழே அவன் கையெழுத்து. ஆக, அவள் சொன்னது உண்மை. இத்தோடு மூடி வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கையில் கிடைத்ததைக் கடைசிவரை பார்க்காமல் விடுகிற ஆளா அவன்?

அக்டோபர் இருபத்தெட்டு: லிஃப்ட் பாதியில் நின்றது. கோளாறு எதுவும் இல்லை. உள்ளே ஸ்டாப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது. பயணி ஒருவர். வந்தது மீசைக்காரர், அப்போது அவனோடு முறை மாற்றி வேலை பார்த்த மூத்த மெக்கானிக்.

நவம்பர் ஒன்பது: அதே லிஃப்ட், அதே பொத்தான், பயணி ஒருவர். மறுபடியும் மீசைக்காரர்.

நவம்பர் இருபது: கோளாறு எதுவும் இல்லை. ஸ்டாப் பொத்தான் உள்ளே இருந்து அழுத்தப்பட்டிருந்தது. பயணி ஒருவர். நின்ற நேரம் இருபத்திரண்டு நிமிடம்.

எழுத்து அவனுடையது. கீழே கையெழுத்தும் அவனுடையதுதான். அவன் மெஷின் அறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பரிசோதனைக் கூடத்தின் வாசலுக்குப் போய் அவளை வெளியே கூப்பிட்டு நோட்டை நீட்டினான். அவள் மூன்று பக்கத்தையும் படித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். காது மடல்வரை சிவந்துவிட்டது.

"என்னை வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்று அவன்மீதே பாய்ந்தாள். "நீங்க பாத்த லிஃப்ட் கெட்டே போக மாட்டேங்குது. மாசாமாசம் வந்தா நேரா மொட்டை மாடிக்குப் போயிடறீங்க. ஏழு மாசம் பாத்தேன். கெட்டுப்போனாத்தானே மெக்கானிக் வருவாரு?"

"மீசைக்காரர் ரெண்டு தடவை வந்திருக்காரு!"

"ஆமா. ரெண்டாவது தடவை அந்த மனுஷன், 'பொத்தான்ல சாஞ்சிக்காதம்மா'ன்னு புத்தி சொல்லிட்டுப் போனாரு."

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீங்க காப்பாத்தின கதைய எவ்வளவு ஆசையா சொல்வீங்க! அந்தச் சந்தோஷத்தை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

நோட்டின் நகலை நேர்காணலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவன் சொன்னபோது அவள் நோட்டைச் சட்டென்று மூடினாள். தேவையில்லாமல் பொத்தானை அழுத்தினால் அபராதம் என்று அந்த லிஃப்டுக்குள்ளேயே பலகை மாட்டியிருக்கிறது. "விசா ஆபீஸ்ல போய் நானே குற்றத்தை ஒத்துக்கணுமா? பேசாம மார்ச்னு திருத்திடுங்களேன்."

"இல்லம்மா. நீ என்னைப் பாத்தது மார்ச். நான் உன்னைப் பாத்தது நவம்பர். ரெண்டுமே நிஜம். அப்படியே சொல்லிடுவோம்."

மருத்துவமனை இன்ஜினியரிடம் அனுமதி வாங்கி நகல் எடுத்தான்.

வியாழக்கிழமை காலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, முகத்தில் சிரிப்பே இல்லை. முன்னால் போய் வந்தவர்களைப் பார்த்து அவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள்: பாஸ்போர்ட்டை அதிகாரி தன்னிடமே வைத்துக்கொண்டால் விசா உண்டு. ஒரு சீட்டோடு திருப்பிக் கொடுத்தால் இல்லை.

எதிர்பார்த்தபடியே இரண்டு தேதிகளில்தான் அதிகாரியின் பேனா நின்றது. இது ஏன் பொருந்தவில்லை என்று கேட்டார். மெக்கானிக் நகல்களைத் தடுப்பின் கீழே நுழைத்து, ஒன்றுவிடாமல் சொன்னான். இத்தனை வருடம் ஊரெல்லாம் சொன்ன வீரக்கதையைத் தன் வாயாலேயே குழி தோண்டிப் புதைத்தான். இரண்டு மணி நேரம் என்று வாய் தவறி வரப் பார்த்ததையும் இருபத்திரண்டு நிமிடம் என்று திருத்திக்கொண்டான். பக்கத்தில் அவள் தலை நிமிரவே இல்லை.

அதிகாரி நகல்களை ஆற அமரப் படித்தார். பிறகு அவனைப் பார்த்தார். கோளாறு இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் லிஃப்ட் ஏன் நின்றது என்று யோசிக்கவில்லையா?

"எதுக்கும் ஏன்னு கேக்காம விடமாட்டேன் மேடம்" என்றான். "அன்னைக்கு மட்டும் கேக்கல. கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோச்சு."

அதிகாரி எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைக் கேட்டார். மூன்றாவது முறையும் அந்த மீசைக்காரரே வந்திருந்தால்?

இந்தக் கேள்வி மெக்கானிக்குக்குத் தோன்றவே இல்லை. விசாவைச் சுத்தமாக மறந்து அவனும் அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"நாலாவது தடவை அழுத்தியிருப்பேன்."

அதிகாரி அவன் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பக்கத் தட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.