வலது மடிப்பு மேலே

எட்டு நொடி. கோட்டை மதிலிலிருந்து நிஞ்சா தொராமரு குதித்து, ஏழு பேரை வெட்டிச் சாய்த்து, கூரையேறித் தப்பும் எட்டு நொடி. அனிமேஷன் படத்தில் அதற்கு நூற்று எண்பத்தாறு தாள். மூன்று மாதம் முதுகு ஒடிய வரைந்தேன். அதைத்தான் எங்கள் இயக்குநர் குரமோச்சி கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்.

காரணத்தைக் கேட்டால் வயிறு எரியும். என் காட்சியில் தொராமரு இடமிருந்து வலமாக ஓடுகிறான். அடுத்த காட்சியில் வலமிருந்து இடமாக. பொருந்தவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடுவில் சின்னதாக ஒன்று வரைந்து கொடுத்திருப்பேன். மகராசன் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினார். படம் திரும்பியது, கூடவே கிமோனோ உடுப்பும் திரும்பியது. தொராமருவின் நெஞ்சில் இடது மடிப்பு உள்ளே போய், வலது மடிப்பு மேலே வந்துவிட்டது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவோம். மூன்று வருஷத்துக்கு முன் என் அப்பாவுக்கு இந்தக் கையால் அப்படி மடித்துவிட்டேன்.

நேரே தயாரிப்பாளர் ஒகுமுராவின் அறைக்குப் போனேன். குரமோச்சியும் அங்கேதான் இருந்தார்.

"சண்டை நடக்கும்போது எவன்மா கழுத்து மடிப்பைப் பார்ப்பான்?" என்றார் ஒகுமுரா.

"வீட்டுல சாவு விழுந்த எல்லாரும் பார்ப்பாங்க சார்."

"ரிலீசுக்கு மூணே வாரம். ஊதிப் பெரிசாக்காத."

குரமோச்சி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த ஹிருகாவா பொண்ணுக்கு எப்பவும் மூக்குமேல கோபம்."

"வராம என்ன சார் செய்யும்? அந்தக் காட்சிக்குக் கீழ போறது என் பேரு. கிமோனோ கட்டத் தெரியாதவள்னு ஊரே காறித் துப்பும். நாலு நாள் குடுங்க, மாத்தித் தர்றேன்."

"முடியாது," என்றார் ஒகுமுரா. அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் ஷின்ஜுகு தியேட்டரில் ரிலீசுக்கு முந்தைய சிறப்புக் காட்சி. மூன்றாவது வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்ததும் மேடையில் குரமோச்சி. சபையில் ஒரு பெண்மணி எழுந்தார்.

"ஐயா, மதில் சண்டையில தொராமரு வலது மடிப்பை மேல போட்டிருந்தான். அப்போ அங்கேயே செத்துட்டானா? அதுக்கப்புறம் வர்றது ஆவியா?"

குரமோச்சி ஒரு கணம் திருதிருவென்று முழித்தார். பிறகு அந்தச் சிரிப்பு!

"பிரமாதம்மா! யாராவது கண்டுபிடிப்பாங்களான்னு காத்திருந்தேன். வேணும்னேதான் வெச்சேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எனக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. இனி அதை மாற்றவே விடமாட்டார்கள். பிணமாகவே கிடப்பான் என் தொராமரு.

எழுந்தேன். "பொய்! அவரு படத்தைத் திருப்பிப் போட்டாரு, அதுல வந்த தப்பு அது. வரைஞ்சவ நான். தொராமரு சாகல!"

சபை முழுக்கக் கைப்பேசிகள் என் பக்கம் திரும்பின.

நடைபாதையில் ஒகுமுரா என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "மானத்தை வாங்கிட்டியே! இந்நேரம் ஊர் பூராவும் எழுதியிருப்பான். நாலு நாள். மாத்தித் தொலை. அப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காத."

"போயிடறேன். ஆனா தனியா மாத்த மாட்டேன். திருப்பினவரும் பக்கத்துல உக்காந்து வரையணும்."

ஒகுமுரா திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற குரமோச்சியைப் பார்த்தார். அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சுகினாமி ஸ்டூடியோவில் என் மேசைக்குப் பக்கத்து மேசையில் குரமோச்சி வந்து உட்கார்ந்தார். ஒரு காலத்தில் இருபது வருஷம் வரைந்த கை. பென்சிலைச் சீவி, தாளை விளக்குப் பலகையில் வைத்து, மடிப்பைப் போட்டார். எட்டிப் பார்த்தேன். வலதுதான் மேலே இருந்தது.

"அழிங்க சார்," என்றேன். "இன்னும் நூத்தி எண்பத்தஞ்சு இருக்கு."