ஐம்பது கிலோவுக்கு வைத்த ஸ்பிரிங்

எழுந்தேன். பல் விளக்கினேன். பாலை அடுப்பில் வைத்து, பொங்கும் முன் அணைத்தேன். காபியை நின்றபடியே குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அலமாரியில் என் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு சட்டை எடுத்துக்கொண்டு மூடினேன். குப்பைப் பையைக் கட்டி வாசலில் வைத்தேன். ஜன்னலோரத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அது என்ன செடி என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைக்குப் போகவில்லை. கீழே ஷெட்டுக்குப் போய், வண்டியின் மேல் கிடந்த பழைய போர்வையை எடுத்து மடித்தேன்.

வண்டி அவளுடையது. சின்னப் பந்தய பைக். இருக்கை என் முழங்காலைவிடக் கொஞ்சம்தான் உயரம். சக்கரங்கள் ஸ்கூட்டரின் சக்கரங்களைவிடச் சிறியவை. தெரியாதவர்கள் பார்த்தால் குழந்தைக்கு வாங்கியதா என்று கேட்பார்கள். இவள் அவர்களுக்குப் பதில் சொல்லமாட்டாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். பந்தயத் திடலில் அவளுக்குப் பெயர் உண்டு. வேகமான பிரிவில் முதல் மூன்று பேருக்குள் எப்போதும் வருவாள். நான் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவன்.

அவள் இறந்தது வண்டியில் அல்ல. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அலுவலகத்தில், மதியம், தன் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது ஆள் இல்லை. சொல்வதற்கு வேறு எதுவும் கிடையாது.

மச்சினி வேனுடன் வந்தாள். அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேன் ஓட்டுகிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை எடுத்துப் போய்க் கொடுக்கிற வேலை. ஞாயிறுகளில் வேன் சும்மா நிற்கும். உள்ளே எப்போதும் சோப்புத்தூள் வாசனை. இருவருமாக வண்டியைப் பலகை வைத்து ஏற்றிக் கட்டினோம்.

“தூங்கினீங்களா மாமா?”

“தூங்கினேன்.”

“பொய் சொல்றதுன்னா கொஞ்சம் முகத்தக் கழுவிட்டாவது சொல்லுங்க.”

வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது, “இன்னிக்கும் போச்சுன்னா அவ்வளவுதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திடலில் ஒரு விதி இருக்கிறது. புதியவர்கள் பிரிவில் பயிற்சி ஓட்டத்தின்போது ஒரு சுற்றையாவது ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்காதவரைப் பந்தயத்தில் விடமாட்டார்கள். மிக மெதுவாகப் போகிறவன் மற்றவர்களுக்கு ஆபத்து. தொடர்ந்து மூன்று முறை முடிக்காவிட்டால் பிரிவிலிருந்தே எடுத்துவிடுவார்கள். வெளியே காத்திருப்பவர்கள் நிறையப் பேர். நான் இரண்டு முறை தவறிவிட்டேன். இது மூன்றாவது.

போகாமல் இருந்துவிடலாம். மாமியார் அதைத்தான் சொல்கிறார். மச்சினியும் முதலில் சொன்னாள். நான் ஏன் போகிறேன் என்று யாருக்கும் விளக்கியதில்லை. என் மனைவி போனபிறகு எனக்கு எதுவும் வரவில்லை. அழுகை வரவில்லை, தூக்கம் வரவில்லை, பசி வரவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணைச் சோதிக்கிறேன். ஒரு லென்ஸைப் போட்டு, இது தெளிவாக இருக்கிறதா, அல்லது இதுவா என்று கேட்கிறேன். அவர்கள் சொல்கிறார்கள், எழுதிக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை விற்றுவிடலாமா என்று யோசித்து, ஓடுகிறதா என்று பார்க்கத் திடலுக்குக் கொண்டுபோய் ஏறினேன். மூன்றாவது வளைவில் பின்சக்கரம் லேசாக நழுவியது. பயந்தேன். வாரக்கணக்கில் இல்லாமல் போன ஏதோ ஒன்று வந்திருந்தது. அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் போகிறேன். வேறு எங்கும் அது கிடைக்கவில்லை.

திடல் ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்குப் பின்னால். வளைவுகளின் ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கியிருப்பார்கள். நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஏற்கெனவே ஏசி வந்து உட்கார்ந்திருந்தார். ஏசி மெக்கானிக் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பருத்த ஆள். மூன்று பெண்களுக்கு அப்பா. என் பிரிவின் பயிற்சி ஓட்டங்களில் எனக்கு முந்தின இடம் எப்போதும் அவருக்கு. நான் வருவதற்கு முன் கடைசி இடம் அவருடையது என்பதால் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

“வாங்க கண் டாக்டரே.” நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. “இன்னிக்கு எப்படியாவது உள்ள வந்துடுங்க. நீங்க இல்லேன்னா எனக்குப் பின்னாடி யாருமில்ல. வீட்டுல மானம் போகுது.”

முதல் பயிற்சி ஓட்டத்தில் இறங்கினேன். நேர்ப்பாதையில் சரியாகத்தான் போகிறேன். வளைவுகளில்தான் எல்லாம் போகிறது. என் முழங்கால்கள் ஹேண்டில்பாரில் இடிக்கின்றன. திரும்புவதற்கு முன் ஒரு காலை வெளியே விரிக்க வேண்டியிருக்கிறது. பிரேக் பிடி என் விரல்களுக்குத் தாழ்வாக இருக்கிறது. வண்டியைச் சாய்த்தால் பின்புறம் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. மற்றவர்கள் கடந்துபோகும்போது அவர்களுடைய வண்டிகள் பாதையோடு ஒட்டிப் போவதைப் பார்ப்பேன். என்னுடையது எனக்கு அடியில் தொய்ந்து, வெளிப்பக்கமாகவே ஓடப் பார்க்கும். இரண்டாவது சுற்றில் ஏசி என்னைத் தாண்டினார். தாண்டும்போது கையை ஆட்டினார். மூன்றாவது வளைவில் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். கால் வைக்கும் கம்பி தரையில் உரசியது. உரசிய கணத்தில் பின்சக்கரம் தரையை விட்டது. அப்புறம் நான் முதுகில் கிடந்தேன். வானம் வெளிறிப்போய் இருந்தது. வண்டி டயர்களில் முட்டிப் படுத்து, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எழுந்து தள்ளிக்கொண்டு வந்தேன். முழங்கையில் தோல் போயிருந்தது. மச்சினி கையில் ஸ்டாப்வாட்சுடன் ஓடி வந்தாள். நேரத்தை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு பயிற்சி ஓட்டம் இருந்தது.

ஏசி தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் முழங்கையில் ஊற்றினார்.

“நான் விழுந்ததுல பாதிகூட நீங்க இன்னும் விழல. அத விடுங்க. ஊருக்கெல்லாம் கண் பாக்கறீங்க, வளைவுல நீங்க எங்க பாக்கறீங்க? தரையப் பாக்கறீங்க. தரையப் பாத்தா தரைக்குத்தான் போகும். போற இடத்தப் பாருங்க.”

“பார்க்கிறேன்.”

“அதுவாவது பழகினா வரும். ஆனா இந்த ஸ்பிரிங்?” அவர் வண்டியின் இருக்கையை உள்ளங்கையால் அழுத்தினார். அது இறங்கி ஏறியது. “இத ஓட்டின தங்கச்சி அம்பது கிலோ இருந்திருக்குமா? அதுக்கு வெச்சது இது. நீங்க எம்பது. நடுவுல இருக்கற முப்பது கிலோவ யாரு தாங்குவா, நானா? ஏற்கெனவே என்னுதே எனக்கு அதிகம்.”

அவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை. முதல் நாளிலிருந்து எல்லோரும் சொல்வதுதான். ஸ்பிரிங்கை இறுக்கு, கால் கம்பியைப் பின்துளைக்கு மாற்று, பிரேக் பிடியை உயர்த்து. கால்மணி நேர வேலை. அப்புறம் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பிவிடுவேன். இன்றும் அதைத்தான் சொன்னேன். ஏசி தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார்.

மச்சினி போகவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்து கொக்கி ஸ்பேனரை எடுத்தாள்.

“கால் மணி நேரம்னு எனக்கே தெரியும் மாமா. ஏன் பண்ண மாட்டேங்கறீங்க?”

“வேண்டாம்.”

“தோத்தே ஆகணும்னு வேண்டுதலா? தோக்கறதுக்கு எதுக்கு என் வேன்? ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் எனக்குத் தூக்கம்.”

அவளே மண்டியிட்டு, இருக்கைக்கு அடியில் எட்டிப் பார்த்து, ஸ்பேனரின் கொக்கியை ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தில் மாட்டப்போனாள். நிறுத்தினாள். ஒரு விரலால் எதையோ தொட்டாள்.

“இது என்ன?”

வளையத்தின் மேலும், அதற்கடுத்த குழாயின் மேலும் சேர்த்து மெல்லிய கோடு ஒன்று இழுத்திருக்கும். ஊதா நிறம். பிரேக் பிடியின் திருகிலும் ஒன்று. கால் கம்பியின் போல்ட்டிலும் ஒன்று. வளையமோ திருகோ தானாகத் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பந்தயக்காரர்கள் எல்லோரும் பெயிண்டால் போட்டுக்கொள்வதுதான். என் மனைவி நகப்பூச்சால் போட்டிருந்தாள். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவள் ஏறி உட்கார்வாள், வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று நான் டேப் வைத்துப் பார்ப்பேன். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். அதனால் எடை குறையாது என்றேன். உன் வேலையைப் பார் என்றாள். சரியான இடம் கிடைத்ததும் இறங்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கோடு இழுத்தாள். வீட்டில் அவள் தொட்ட பொருள்களையெல்லாம் நான் தொட்டாயிற்று. துணிகளை மாமியார் கொண்டுபோய்விட்டார். வைத்தது வைத்தபடியே இருப்பது இந்த வண்டியில் மட்டும்தான்.

“உங்க அக்கா போட்டது” என்றேன்.

மச்சினி இன்னும் குனிந்து பார்த்தாள்.

“இது என் நெயில் பாலிஷ்” என்றாள். “என்னோடது. மாசக்கணக்கா தேடினேன். எடுக்கவே இல்லன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணா. திருடி. திருட்டுக் கழுதை.” அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் வேறு மாதிரி ஆகி, சட்டையின் தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொட்டகையில் யாரோ இன்ஜினை முறுக்கிப் பார்த்தார்கள். அடுத்த ஓட்டத்துக்கு வண்டிகளைத் தயார்ப்படுத்தச் சொல்லி ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

“இங்க பாருங்க மாமா,” என்றாள். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வளையத்தத் திருப்பலேன்னா இந்த வண்டிய வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்வை போட்டு மூடி வெச்சுக்கலாம். கோடு அப்படியே இருக்கும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஓட்டறதா இருந்தா, ஓட்டற மாதிரி ஓட்டுங்க. அக்கா வண்டிய கடைசில வர்ற வண்டின்னு இங்க பேசறாங்க. அது எனக்குப் பிடிக்கல.”

ஸ்பேனரை என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கொக்கியை வளையத்தில் மாட்டினேன். வளையம் இறுகிப்போயிருந்தது. அவள் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அழுத்தினேன். வரவில்லை. எழுந்து நின்று உடம்பின் எடையைக் கொடுத்தேன். டக் என்று ஒரு சத்தம். கோட்டின் மேல்பாதி வளையத்தோடு நகர்ந்தது. கீழ்ப்பாதி குழாயில் நின்றது. தொடர்ந்து திருப்பினேன். மேல்பாதி சுற்றிப் பின்னால் போய் மறைந்தது, மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. கால் கம்பியைப் பின்துளைக்கு மாற்றினேன். பிரேக் பிடியை உயர்த்தினேன். திருகில் இருந்த பூச்சு சிறு செதிலாக உதிர்ந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. பேன்ட்டில் துடைக்கத் தோன்றவில்லை. அப்படியே கையுறையை மாட்டினேன்.

இரண்டாவது ஓட்டத்தில் வண்டி வேறு வண்டியாக இருந்தது. நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் சுற்றில் எங்கே பிரேக் பிடிப்பது என்று புரியாமல் தடுமாறினேன். இரண்டாவதில் முழங்கால் எதிலும் இடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஏசி சொன்னபடி தரையைப் பார்க்காமல், வளைவு முடிகிற இடத்தில் கிடந்த வெள்ளை டயரைப் பார்த்தேன். வண்டி அங்கே போனது. நேர்ப்பாதையில் ஏசியின் அகலமான முதுகு தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. மூன்றாவது வளைவுக்கு இருவரும் கிட்டத்தட்டச் சேர்ந்தே போனோம். அவர் வெளியே, நான் உள்ளே. சாய்த்தேன். பின்புறம் உட்காரவில்லை. கம்பி உரசவில்லை. வெளியே வந்தபோது அவர் எனக்குப் பின்னால் இருந்தார். பயம் வரவில்லை. வளைவைத் தாண்டி வெகுதூரம் போனபிறகுதான் அது வரவில்லை என்று தெரிந்தது. அதைத் தேடிப் பார்ப்பதுபோல் அடுத்த சுற்றில் இன்னும் வேகமாகப் போனேன்.

நிறுத்தியபோது மச்சினி ஸ்டாப்வாட்சை முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். வியர்வையில் எண்கள் தெரியவில்லை.

“உள்ள வந்துட்டீங்க. முழுசா ஒரு நொடி மிச்சம்.”

ஏசி ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினார். “துரோகி! ஸ்பிரிங்க இறுக்குன்னு சொன்னேன் பாருங்க, என்னச் செருப்பால அடிக்கணும்!” பிறகு வந்து என் முதுகில் ஒரு குத்து விட்டார். நிஜமாகவே வலித்தது.

பந்தயத்துக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. கொட்டகையின் ஓரத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். எனக்குப் பசித்தது. அது பசிதான் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்சம் நேரம் பிடித்தது. மச்சினி கொண்டுவந்திருந்த ரொட்டியை எடுத்து, அவளுடைய பங்கையும் சேர்த்துத் தின்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அக்கா கடைசியா என்ன சொன்னா? ‘அம்மாவப் பாத்துக்கோங்க’ன்னு சொன்னாளாம். அம்மா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. நீங்களும் பக்கத்துல உக்காந்து தலையாட்டறீங்க. அவ அப்படியெல்லாம் பேசற ஆளே இல்லையே.”

“இல்லை” என்றேன். “அத்தை தானாகச் சொல்லிக்கொள்வது அது.”

“அப்ப என்னதான் சொன்னா?”

ஒலிபெருக்கியில் எங்கள் பிரிவைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். அன்று காலை காரை நான் ஓட்டினேன். என் கடை வாசலில் நிறுத்தி இறங்கினேன். என் மனைவி சுற்றி வந்து ஸ்டீயரிங் பக்கம் ஏறினாள். அங்கிருந்து அவளுடைய அலுவலகம் பத்து நிமிடம். கடையின் ஷட்டரைத் தூக்கப்போனேன். கார் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால், ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இருக்கைக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தாள். கால் பிரேக்கை எட்டவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, தெருவே கேட்கும்படி சொன்னாள்:

“உன் நெட்டக் காலுக்கு சீட்ட பின்னாடி தள்ளிக்கற இல்ல, எறங்கும்போது முன்னாடி இழுத்து வெச்சுட்டு எறங்கேன்டா! தினமும் உன்னோட இதே ரோதனையாப் போச்சு.”