அத்தையா, சித்தியா?

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது, மறைக்க மாட்டேன். 2006, அமீரகத்தின் புஜைரா. எங்கள் கட்டட லிஃப்டில் ஒருத்தி கணவனிடம் கேட்டாள்: "ஏங்க, அவ நம்ம பாப்பாவுக்கு அத்தையா, சித்தியா?" இதில்கூடவா சந்தேகம் வரும்? மண்டை குடைந்தது. மீதி முழுக்க என் கற்பனை.

2

'உறைபனியில் உறங்கும் இரு உயிர்கள்...'

(சே! மருத்துவமனை விளம்பரம். அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். ஜலஜாவும் சேதுபதியும் சென்னையில் சிகிச்சை எடுத்துப் பெற்றவள் யாழினி. அப்போது உருவான கருக்களில் இரண்டு அங்கேயே உறைய வைக்கப்பட்டிருக்கின்றன. எதிர் ஃபிளாட் தாமரைக்குக் குழந்தை இல்லை, டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"லீவுல போறப்ப தாமரைக்குக் கொடுத்துடலாங்க," என்றாள் ஜலஜா, ஏதோ பார்சல் கொடுத்துவிடுவதுபோல.

3

எமிரேட்ஸ் சட்டத்தில் இன்னொருவர் கருவைச் சுமக்க இடமே இல்லை. சென்னை மருத்துவமனையோ, "கொடுங்க, ஆனா யாருக்குன்னு நீங்க சொல்லக் கூடாது" என்கிறது.

(ஜலஜாவைத் தியாகி ஆக்கப் பார்த்தேன். மசியவில்லை.)

"யாரோ ஒருத்திக்குன்னா தர மாட்டேன்."

பெண் கொடுக்கும்போது அத்தனை விசாரிக்கிறோம். இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன். கதை நகர, ஒரு டாக்டர் கண்டும் காணாமல் விடுவதாக வைத்துக்கொள்வோம்.

4

சிக்கல் சேதுபதிக்குத்தான் உறைத்தது. தாமரை அவனை அண்ணா என்பாள். அதனால் யாழினிக்கு அவள் அத்தை.

"அத்தைக்குப் பையன் பொறந்தா முறைப்பையன்டி! நெசத்துல கூடப்பொறந்தவன்ல?"

ஜலஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாமரையிடம் போய், "இனிமே யாழினிக்கு நீ சித்தி. அப்ப ரெண்டும் அக்கா தம்பி. சம்மதம்னா தர்றேன்," என்றாள்.

"திடீர்னு ஏன் முறை மாறுச்சுன்னு என் மாமியார் துருவி எடுத்துடுவாங்க அண்ணி. எம்புள்ள எம்புள்ளையாவே இருக்கட்டுமே!" தாமரை அழுதாள்.

('ஆன்ட்டி' போதாதா? இங்கே வளரும் பிள்ளைகளுக்கு எல்லோரும் ஆன்ட்டிதான். எந்த முறையும் இல்லை. ஆனால் அது என் சோம்பேறித்தனம்.)

5

மறுநாள் சாயங்காலம் முடிவு சொல்லத் தாமரை வருகிறாள். தன்னை எந்த முறை வைத்துக் கூப்பிட வேண்டும் என்று தானே யாழினிக்குச் சொல்லித் தருகிறாள். குழந்தை உள்ளே திரும்பிக் கத்துகிறது:

"அம்மா, ............ வந்திருக்காங்க!"

அத்தை என்றால் தாமரை வெறுங்கையோடு திரும்புவாள். சித்தி என்றால் பிள்ளை கிடைக்கும்; யாழினிக்கு நீ ஏன் சித்தி ஆனாய் என்று அந்தப் பிள்ளையே ஒருநாள் கேட்கும். இரண்டையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

அவள் வாசலிலேயே நிற்கிறாள். நீங்களாவது உள்ளே கூப்பிடுங்கள்.