ஹேண்ட்பிரேக் விசாரணை

சகலை இரண்டு மரக்கட்டைகளையும் முன்சக்கரங்களுக்கு அடியில் காலாலேயே உதைத்துச் செருகினார். குனிந்து கையால் வைத்தால் என்ன குறைந்துவிடும்? மற்ற டிரைவர்களின் வண்டிகளுக்குக் கட்டை வைக்கும்போது குனியத்தான் செய்கிறார். என் ஜீப் என்றால் மட்டும் முதுகு வளையாது.

"டிரைவர், லீவரை முழுசா இறக்கு. கியரை நியூட்ரல்ல போடு."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரும்போது நான் சகலை, ஒர்க்ஷாப்பில் டிரைவர். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர்; இங்கே மெக்கானிக். இந்த வேலையும் அவர் சொல்லிக் கிடைத்ததுதான். அதை நான் மறந்துவிடுவேனோ என்ற கவலையில் ஆறு வருடமாக வாரம் ஒருமுறையாவது யார் முன்னாலாவது சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. சகோதரிகள் இருவருக்கும்கூடத் தெரியும்.

மேனேஜர் வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, அட்டையில் ஒரே ஒரு தாள். மூன்று நாளைக்கு முன் மேலே மலைச்சரிவில் டவர் வேலை நடக்கும் இடத்தில் நான் நிறுத்திவிட்டுப் போன ஜீப், தானாகப் பின்னால் உருண்டு தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது. அதற்குச் சற்று முன்புவரை சர்வேயர் அந்த ஜீப்புக்குப் பின்னால்தான் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நாலடி நகர்ந்திருப்பார், அவ்வளவுதான். மேனேஜர் கத்தவில்லை. பிரேக்கில் கோளாறு என்றால் ஒர்க்ஷாப் பதில் சொல்லட்டும், டிரைவர் தப்பு என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும் என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்று என் கண்ணெதிரே பிரேக்கைப் பிரிக்கச் சொல்லியிருந்தார்.

நான் இழுத்த ஹேண்ட்பிரேக்தான் பிடிக்கவில்லை என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது உண்மையும்கூட. இழுத்தேன், பிடிக்கவில்லை.

சகலை பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் மேல் தனியாக ஒரு டிரம் உண்டு. லீவரை இழுத்தால் கேபிள் போய் அதற்குள்ளிருக்கும் பிரேக் ஷூக்களை விரிக்கும்; அவை டிரம்மை இறுக்கிப் பிடிக்கும். நானும் தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். எங்காவது ஒரு இடத்தில் கை தவறுவார், பிடித்துக்கொள்ளலாம் என்று கண்கொத்திப் பாம்பாக இருந்தேன்.

அவர் டார்ச்சைக் கேபிளின் முனைக்குத் திருப்பினார். வெளிச்சம் அங்கேயே நின்றது.

தான் முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவது அவர் வழக்கம். நட்டில் பாதி, அதை ஒட்டிய மரையில் பாதி. யாராவது கை வைத்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது நட்டு, மரையின் கடைசிவரை போயிருந்தது. மரையிலிருந்த மஞ்சளை அது தாண்டிப்போய் ஒரு விரல்கடை இருக்கும்.

திருகியவன் நான்தான். போன மாதம் லீவரை இழுத்தால் ஒன்பது 'கிளிக்' சத்தம்வரை மேலே வந்தது. நாலில் பிடிக்க வேண்டும். ஒர்க்ஷாப்பில் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அதற்கு முந்தைய முறை சொன்னபோது, "பிரேக் லூசா, இல்ல ஓட்டுறவன் லூசா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இனி இந்த ஆளிடம் போய் நிற்கக்கூடாது என்ற வீராப்பில் நானே ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, லீவர் மூன்றாவது கிளிக்கிலேயே கல்லு மாதிரி நிற்கும்வரை முறுக்கினேன். அன்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

டிரம்மைக் கழற்றினார். கருகின வாடை வந்தது. ஷூக்கள் இரண்டும் கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருந்தன.

"லீவரை இறக்கின பிறகும் ஷூ உரசிக்கிட்டே ஓடியிருக்கு," என்றார். "வெந்து போச்சு. இனி எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நட்டைத் தொட்டது யாரு?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி உன்கிட்டதான இருக்கு."

"ஸ்பேனர் உங்ககிட்டதான இருக்கு," என்றேன். மேனேஜர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். "நீங்கதான் முறுக்கியிருப்பீங்க. வேலைய அரைகுறையா பாத்துட்டு என் தலையில கட்டாதீங்க."

மேனேஜரின் பேனா தாளில் ஓடியது. சகலை ஏதாவது சொல்வார், பதிலுக்கு நானும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய்ப் புது ஷூக்களை எடுத்துவந்தார்.

முதலில் கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்தினார். ஷூக்களை மாட்டி டிரம்மை மூடினார். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக்கொண்டு, டிரம்மின் பின்னால் இருக்கும் சின்னத் திருகை டிரம் அசையாமல் இறுகும்வரை திருகினார். பிறகு இரண்டு கிளிக் பின்னால் விட்டார். கையால் சுற்றிப் பார்த்தார்; உரசாமல் சுற்றியது. அதற்கப்புறம்தான் கேபிளுக்கு வந்தார். நான் கேபிளில் ஆரம்பித்துக் கேபிளிலேயே முடித்திருந்தேன். அந்தத் திருகு ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் திட்டிக்கொண்டேயாவது காட்டியிருப்பார் என்று நினைத்தபோது அவர்மேல் இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் வண்டி கழுவும் சரிவுமேடை. ஜீப்பை ரிவர்ஸில் கொண்டுபோய், பின்பக்கம் கீழே பார்க்க நடுச்சரிவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் போட்டேன். வலது கால் பிரேக்கில் இருந்தது. லீவரை இழுத்தேன். நாலு கிளிக்.

சகலை சரிவில் இறங்கிப்போய் ஜீப்புக்குப் பின்னால், ஸ்டெப்னி டயருக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். அவருக்குப் பின்னால் சுவர்.

"மெக்கானிக், தள்ளி நில்லுங்க," என்றார் மேனேஜர்.

"என் வேலை அரைகுறைன்னு எழுதிட்டீங்கல்ல சார். நான் இங்கதான் நிப்பேன். அவனைக் காலை எடுக்கச் சொல்லுங்க."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிக்காமல் போகட்டும் என்று நான் நினைத்தேன். ஒரு கணம்தான், ஆனால் நினைத்தேன். அவர் ஒவ்வொன்றாகச் செய்ததைப் பார்த்தவன் நான். பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

காலை எடுத்தேன்.

ஸ்பிரிங் லேசாக முனகியது. ஜீப் ஒரு விரல் அளவு அமுங்கியது. அங்கேயே நின்றது.

மேனேஜர் மேடை ஓரமாக நடந்துவந்து என் பக்கத்து ஜன்னலில் நின்றார். "புடிக்குதா, டிரைவர்?"

"புடிக்குது சார்."

"அப்ப அந்த நட்டை யாரு முறுக்கினது? ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லுங்க."

சகலை இன்னும் ஜீப்புக்குப் பின்னாலேயே நின்றார். மேனேஜரின் பேனா தாளுக்கு மேல் காத்திருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து என் கைகள் எப்போதோ விலகியிருந்தன. பாதங்கள் இரண்டும் தரை விரிப்பில் சும்மா கிடந்தன. அந்தச் சரிவில், என் கையோ காலோ எதுவும் தேவைப்படாமல், சகலை சரிசெய்த பிரேக்கில் ஜீப் நின்றுகொண்டிருந்தது.